தலையையும் சேர்த்து அளந்தவன்

கணக்கு வாத்தியார் எந்தத் தப்புச் செய்தாலும் ஊர் மன்னித்துவிடும். கூட்டலில் தப்புச் செய்தால் மட்டும் மன்னிக்காது. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய பிழை இரண்டு எண்களைக் கூட்டியதில் நடந்தது. அதுவும் இரண்டே இலக்க எண்கள். (என் மாணவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இத்தோடு நிறுத்திக்கொண்டு வீட்டுப்பாடத்தைப் பார்க்கவும்.)

எல்லாம் ஒரு காரால் வந்தது. பத்து வருஷம் ஓடி முடித்திருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக் காரை வாங்கியிருந்தேன். வழக்கமாக நம் ஊரில் பார்க்கிற கார்களில், சக்கரம் மாட்டுகிற இடத்தில் மரைபோட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் மாட்டி, நட்டைப் போட்டு முடுக்கினால் முடிந்தது. என் காரில் அப்படியில்லை. சக்கரத்தின் ஓட்டை வழியாகப் போல்ட்டை உள்ளே விட்டு முடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை, காப்பி குடிக்க வந்தவர், கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவர் என்று யாரையும் விடாமல் நான் விளக்கிக்கொண்டிருந்த காலம் அது.

காரில் எனக்கு ஒரே குறை. பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் இரண்டும் உள்ளே ஒடுங்கி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி இருக்கும். அதற்கு ஒரு வழி இருப்பதைச் செல்போன் வீடியோக்களில் கண்டுபிடித்தேன். ஸ்பேசர் என்று ஓர் அலுமினிய வளையம். சக்கரத்துக்கும் அது போய் உட்காரும் இடத்துக்கும் நடுவில் அதை வைத்துவிட்டால், வளையத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்குச் சக்கரம் வெளியே வந்துவிடும். கார் அகலக் காலூன்றி நிற்கும். இருபது மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு வாங்கினேன்.

"இதுனால என்ன பிரயோஜனம்?" என்று என் மனைவி கலா கேட்டாள்.

"பாக்க நல்லா இருக்கும்."

"நாம உள்ளல்லா உக்காந்திருப்போம்? வெளியில இருந்து யாரு பாக்கப் போறா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

இதே சமயத்தில்தான் என் மாமியார் மலையைவிட்டு இறங்கினார். செல்லத்தாய் அத்தை மாஞ்சோலையில் முப்பத்தைந்து வருஷம் தேயிலை பறித்தவர். தோட்டத்தை மூடுவதால் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்துகொண்டிருந்த நேரம். அத்தையும், கலாவின் தம்பி ராஜன் விக்கிரமசிங்கபுரத்தில் பார்த்துவைத்திருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கட்டில், இரண்டு பெட்டி, பாத்திரங்கள், மாமாவின் போட்டோ, எல்லாம் லாரியில் வந்தன. வராதது ஒன்றுதான். கண்டக்டர்.

கண்டக்டர் என்பது நாய். செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோதிலிருந்தே தோட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்று, இறங்குகிறவர்களையெல்லாம் மோந்து பார்த்து அனுப்புவதால் அந்தப் பெயர். மாமா இறந்தபின் அத்தைக்கு மேலே துணை என்று இருந்தது அதுதான். சாமான் ஏற்றின அன்று லாரிச் சத்தத்தில் மிரண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. அத்தை ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தார். லாரிக்காரரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

மறுநாளே நாய் திரும்பி வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு மேரியக்கா போனில் சொன்னார். பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்துக்கிடக்கிறது. அவர்தான் சோறு வைக்கிறாராம். ஆனால் வருகிற சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் அவரும் இறங்குகிறாராம். அதற்குப்பின் தோட்டத் தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளில் ஓர் ஆள்கூட இருக்காது.

அத்தை பஸ் ஸ்டாண்டுக்கே போய் விசாரித்தார். நாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கண்டக்டரைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் சம்மதிக்கவில்லை. (இதைச் சொல்லிச் சிரித்தவன் நான்தான். அத்தை சிரிக்கவில்லை.)

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "மாப்ள, ஒங்க காரு மேல ஏறுமா?" என்று கேட்டார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் உதவி.

"ஏறுமாவா? சனிக்கிழம காலைல போறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு நாயோட கீழ இருப்போம்" என்றேன். வனத்துறையில் சொல்லி அந்த ஒரு நாளைக்கு அனுமதியும் வாங்கினேன். இதோடு நின்றிருந்தால் நான் நல்ல மருமகன்.

நான் நிற்கவில்லை. மலைக்குப் போகிற கார் கம்பீரமாகப் போகவேண்டாமா? ஸ்பேசரை மாட்டிவிட்டே போவது என்று முடிவெடுத்தேன். வளையம் வைத்தால் பழைய போல்ட் எட்டாது, நீளமான போல்ட் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு நீளம்? அங்கேதான் கணக்கு வாத்தியார் களத்தில் இறங்கினார். பழைய போல்ட் ஒன்றைக் கழற்றி, ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து, தலையிலிருந்து நுனிவரை அளந்தேன். ஐம்பது மில்லிமீட்டர். வளையம் இருபது. ஆக எழுபது. ஒரு தாளில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

வண்ணார்பேட்டையில் உதிரிபாகக் கடைக்காரர், "எழுபதெல்லாம் வராது வே. இருக்கதுலயே பெருசு அறுபதுதான். ஆனா இருபது வளையத்துக்கு அறுபது எதுக்கு? மெக்கானிக்க ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்றார்.

"நான் அளந்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன். பி.எட். படித்தவனுக்கே உரிய குரலில்.

அறுபதையே வாங்கினேன். பத்து மில்லிமீட்டர் குறைகிறதே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சக்கரம் நட்டநடு ரோட்டில் கழன்று ஓடும் கனவுகூட ஒன்று வந்தது. உண்மையில் நான் கவலைப்பட்டிருக்க வேண்டியது அதற்கு நேர் எதிரான விஷயத்துக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாக்கி வைத்து நானே மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே எதுவும் இடிக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஜாக்கியை இறக்கிவிட்டு, பின்னால் பத்தடி போய் நின்று, மண்டியிட்டுப் போட்டோ எடுத்தேன்.

மறுநாள் காலை சேரன்மகாதேவி தாண்டும்போதே பின்னாலிருந்து ஒரு சத்தம். டிக்… டிக்… ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். சத்தம் போய்விட்டது. விக்கிரமசிங்கபுரத்தில் அத்தை ஒரு சில்வர் தூக்குவாளியோடு ஏறினார். உள்ளே கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. மடியில் புதுச் சங்கிலி.

மணிமுத்தாறு வரும்முன் அத்தை ரேடியோவை மீறிக் காதைச் சாய்த்தார். "மாப்ள, பின்னால யாரோ கரண்டியால தட்டுத மாதிரி கேக்கு."

"அது புதுப் போல்ட்டு அத்தை. செட் ஆகுது."

"ஓ" என்றார். நான் படித்தவன் என்பதில் அத்தைக்கு அவ்வளவு நம்பிக்கை.

செக்போஸ்ட்டில் அனுமதியைக் காட்டி, மலைமேல் மூன்றாவது வளைவு. மேலேயிருந்து காலைப் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் ஓரமாக ஒதுங்கி, ஹேண்ட் பிரேக்கை அழுத்தமாக இழுத்துப் பிடித்து நின்றேன். பஸ் எங்களைத் தாண்ட இடம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி டிரைவர் கை காட்டினார். பிரேக்கை விடுவித்து முன்னால் எடுத்தேன். பின்னால் 'மடார்' என்று ஒரு சத்தம். கார் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். உள்ளே ஏதோ முறிந்து நொறுங்குவது கேட்டது. அதற்குப்பின் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது.

பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டத்து ஆட்கள். "செல்லத்தாயி மருமவனா?" என்று கேட்டுக்கொண்டே காரைச் சுற்றி நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, கல்யாண வீட்டில் அண்டாவைத் தூக்குவதுபோல என் காரின் பின்பக்கத்தைத் தூக்கி, ஓரத்தில் அழகாக வைத்தார்கள். ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "இது என்ன வளையம்?" என்றார்.

"சக்கரம் கொஞ்சம் வெளியில தெரியும்."

"தெரிஞ்சா?"

"அழகுக்கு."

இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருபது மில்லிமீட்டர் வெளியே வந்திருந்த என் சக்கரத்தை அன்று அந்தப் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கலாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்றேன். இதைப் பதில் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மேரியக்காவும் அதே பஸ்ஸில் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீ வாரன்னு நம்பிச் சோறு வச்சிட்டு வந்தேம்ட்டி. பஸ் பின்னாலயே ரெண்டு வளைவு ஓடியாந்துச்சு. பெறவு நின்னுட்டு" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை மேலே போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் போய்விட்டது. செக்போஸ்ட்டிலிருந்து வனக்காவலர் வந்து, அவர் போனிலேயே அம்பாசமுத்திரத்துக்குச் சொல்லி, மெக்கானிக் இசக்கி பைக்கில் வந்துசேர மத்தியானம் தாண்டிவிட்டது. இதற்குள் அத்தை இரண்டு தடவை நடந்தே ஏறக் கிளம்பினார். "யானை நிக்குத பாதை, தனியா விட முடியாதும்மா" என்று காவலர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார்.

இசக்கி சக்கரத்தைக் கழற்றினார். அதற்குப் பின்னால் பிரேக்கை மூடியிருக்கும் டிரம் லேசில் வரவில்லை. தட்டித் தட்டி எடுத்தபோது உள்ளேயிருந்து ஒடிந்த ஸ்பிரிங், வளைந்த ஒரு நெம்பு, பிரேக் கட்டையின் துண்டுகள் என்று ரோட்டில் கொட்டின.

"போல்ட்டு என்ன நீளம் ஸார் போட்டிய?"

"அறுபது. எழுபது வேணும், கிடைக்கல்ல."

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "எப்படி எழுபது?"

ஜியோமெட்ரி பாக்ஸ் உட்பட எல்லாம் சொன்னேன். இசக்கி என் பழைய போல்ட்டை வாங்கி, அதன் தலையை விரலால் மூடிக்காட்டினார். "போல்ட்டு நீளம்னா தலைய விட்டுட்டு, கீழ உள்ள தண்டு மட்டுந்தான் ஸார். இது இருபத்தேழு. வளையம் இருபது. நாப்பத்தேழு போடணும். நீங்க பதிமூணு கூடப் போட்டிருக்கீய. அந்தப் பதிமூணும் உள்ள நீட்டிக்கிட்டு நின்னுருக்கு. ஹேண்ட் பிரேக் இழுத்ததும் உள்ள உள்ளதெல்லாம் நகந்து அதுல மாட்டிக்கிட்டு."

"கொஞ்சம் கூட இருந்தா பாதுகாப்புன்னு…"

"கொறஞ்சாலும் ஆபத்து, மரை பத்தாம சக்கரம் கழண்டு ஓடிரும். கூடினாலும் ஆபத்து. ஏறும்போதே பூட்டிக்கிட்டுதே, அது சாமி புண்ணியம். எறங்கும்போது ஆயிருந்தா அத்தையும் நீங்களும் இந்தப் பள்ளத்துலதான்."

அத்தை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தலைய சேக்கக் கூடாதாக்கும்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார், புதிதாக ஒரு பாடம் கேட்ட பிள்ளைபோல.

இனி நான் சொல்லப்போவது எங்கள் வீட்டில் யாரும் பேசாத பகுதி.

சாயங்காலம் மேலே போகிற பஸ் வந்தது. அது மேலே தங்கி மறுநாள் காலையில் இறங்கும். அத்தை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நான் இதுல போறேன் மாப்ள."

"போயி எங்க தங்குவீங்க? வீட்டுச் சாவியத்தான் குடுத்தாச்சே."

"வாசல்ல கெடப்பேன். அது பக்கத்துல இருக்கும்லா. எனக்கு என்ன பயம்?"

"காலைல எப்படி அதக் கூட்டிட்டு வருவீங்க? பஸ்ல ஏத்த மாட்டாங்களே."

"கால்ல விழுந்து கேப்பேன். மாட்டேன்னா அங்கனயே இருந்துக்கிடுதேன்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பட்ட அவமானத்துக்கு எனக்கு ஏதாவது ஒன்று சரியாகச் செய்தாக வேண்டியிருந்தது. மாமியாரை ஆளில்லாத லைன் வீட்டு வாசலில் படுக்கவைத்த மருமகன் என்ற பேரும் வந்துவிடக் கூடாது. "வேண்டாம் அத்தை. காரு நாளைக்கே சரியாயிரும். நாளைக்குக் காலைலயே நானே கூட்டிட்டுப் போறேன். என்னைய நம்புங்க" என்றேன்.

நாளைக்குச் சரியாகாது என்று இசக்கி அதற்குச் சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். அனுமதி அந்த ஒரு நாளைக்குத்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அத்தை படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தார். "நாளைக்கு உறுதிதானா?" என்றார். "உறுதி" என்றேன். காலை எடுத்துவிட்டார். பஸ் கிளம்பியது.

உதிரிபாகம் வர நான்கு நாள் ஆனது. மறு அனுமதி கிடைக்க எட்டு நாள். தினமும் காலையில் அத்தை போன் செய்வார். "இன்னைக்குப் போவமா மாப்ள?" என்று கேட்கமாட்டார். "காப்பி குடிச்சியளா?" என்பார். நான் "குடிச்சிட்டேன் அத்தை, இன்னைக்கும் வரலையாம்" என்பேன்.

ஒன்பதாம் நாள் கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்து, ராஜனையும் கூட்டிக்கொண்டு போனோம். லைன் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அத்தை வீட்டு வாசலில் நாய் இல்லை. அத்தை தேயிலைக்குள் இறங்கி, கை இரண்டையும் வாயருகே குவித்து, "கண்டக்டரே! ஏ கண்டக்டரே!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். எதிர்ச்சரிவிலிருந்து அவர் குரல்தான் திரும்பி வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வராத முதல் நாள் அது.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு டீக்கடை இன்னும் திறந்திருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அதையா தேடுதிய? சனிக்கிழம சாயங்காலப் பஸ்ஸுல இருந்து மூணு நாளு, ஒரு பஸ் விடாம வந்துச்சு தாயி. எல்லாரும் எறங்கினதும் படிக்கட்டுல ஏறி உள்ள எட்டிப் பாக்கும். பெறவு எறங்கிப் போயிரும். நாலாம் நாளு வரல்ல." தம்ளரை மறுபடி கையில் எடுத்து, "கீழ எறங்கிப் போயிருக்கும். கெட்டிக்கார நாயில்லா" என்று சேர்த்துக்கொண்டார். சிறுத்தை நடமாட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலப் பஸ். அத்தை ஒரு காலை வைத்துவிட்டு எடுத்த பஸ். அவர் அதில் போயிருந்தால், இறங்கும் இடத்திலேயே அது நின்றிருக்கும். இந்தக் கணக்கை அத்தையும் அந்தக் கணமே போட்டிருப்பார், அதற்குப் பி.எட். வேண்டியதில்லை. ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டீக்கடைக்காரரிடம், "நீங்க எப்ப எறங்குதிய அண்ணாச்சி?" என்று விசாரித்தார்.

இறங்கும்போது அந்த மூன்றாவது வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். அன்றும் சோறு கொண்டுவந்திருந்தார். ரோட்டோரம் ஒரு தேக்கு இலையைப் போட்டு அதில் கொட்டினார். "இது வரைக்கும் வந்திருக்கும்லா" என்றார். ராஜன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் மன்னிப்புக் கேட்கப் பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அத்தை பேச்சைப் போல்ட்டுக்கே கொண்டுபோய்விடுவார். அவர்தான் முதன்முதலில் அதை வேடிக்கையாக்கினார். தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் ராஜனுக்குப் பேண்ட் துணி வெட்டச் சொல்லும்போது, கடைக்காரரிடம், "எங்க மாப்ளைய அளக்கச் சொல்லிராதிய. அவுக தலையையும் சேத்து அளந்திருவாவ" என்றார். கடையே சிரித்தது. கலா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து கதவுக்குத் திரைச்சீலை வாங்கினாலும், அலமாரிக்குப் பலகை வெட்டினாலும், மீன் வாங்கினாலும்கூட, "தலைய சேக்காம எவ்வளவு?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. என் மாணவர்களுக்குக்கூட எப்படியோ தெரிந்துவிட்டது. கரும்பலகையில் ஒரு கோட்டை வரைந்து அளக்கத் திரும்பினால் பின்பெஞ்சில் இருமல் சத்தம் கேட்கிறது.

போன மாசம் ராஜனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் நாங்குநேரிப் பக்கம், பெயர் தங்கம். மறுவீட்டு விருந்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, வழக்கம்போல ராஜன் ஆரம்பித்தான். "தங்கம், எங்க அத்தான் போல்ட்டு அளந்த கதை ஒனக்குத் தெரியுமா?" அழகுக்கு வைத்த வளையம், எழுபது கிடைக்காத சோகம், பஸ்காரர்கள் அண்டாபோலக் காரைத் தூக்கியது, தலையை விரலால் மூடிக்காட்டிய இசக்கி என்று எல்லாம் நடித்தே காட்டினான். அத்தைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். தங்கத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள், "ஆமா, அத்தே, அன்னைக்கு மேல எதுக்குப் போனிய?"

ராஜன் இலையைப் பார்த்தான். கலா என்னைப் பார்த்தாள். இத்தனை தடவை சொன்ன கதையில் யாரும் இதைக் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அத்தை தங்கத்தின் இலையில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தார். "சும்மாதாம்மா. மாப்ள புதுசா காரு வாங்கியிருந்தாவ. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனாவ" என்றார்.